மிதந்த கந்தகப் பொடி

11-8-1969, திங்கள்.

இன்று ஒரு தவறு செய்தேன். பெனடிக்ட் கரைசலில் எட்டுச் சொட்டு விட வேண்டிய இடத்தில் பத்து விட்டுவிட்டேன். எண்ணிக்கொண்டிருக்கும்போது பக்கத்து மேசைக்காரர் தீப்பெட்டி கேட்டார், கணக்குத் தவறியது. அம்மாவின் மூத்திரப் பாட்டில் அது. கொதிக்க வைத்ததும் நீலம் போய்ச் செங்கல் நிறம் வந்தது. இரண்டு சொட்டு கூடினால் இவ்வளவு மாறுமா என்று தெரியவில்லை. ஜேம்ஸ் சாரிடம் காட்டாமல் கொட்டிவிட்டேன். அதுவும் தவறு.

உலகநாதன் இதை அம்பத்தூர் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து எழுதினான். வகுப்பு ஏழரைக்கு முடிந்தால் ஆவடிக்குப் போகிற பாசஞ்சர் வருவதற்கு இருபது நிமிஷம் இருக்கும். அந்த இருபது நிமிஷம் டைரிக்கு. செய்த வேலை, செய்த பிழை, நாளைக்குச் செய்ய வேண்டியது என்று பக்கத்தை மூன்றாகக் கோடு போட்டு வைத்திருந்தான். பிழைக்கு ஒதுக்கிய இடம் மட்டும் எப்போதும் போதாமல் போய், கோட்டைத் தாண்டி வேலையின் பக்கத்தில் ஏறிக்கொள்ளும்.

பகலில் அவன் அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு தொழிற்சாலையின் முதலுதவி அறையில் உதவியாள். விரலில் இரும்புச் சீவல் ஏறியவனுக்கு டிங்சர் தடவுவது, தலைவலிக்காரனுக்கு மாத்திரை கொடுப்பது, இரண்டையும் ரெஜிஸ்டரில் எழுதுவது. திங்களும் வியாழனும் மாலையில் லேப் டெக்னீஷியன் வகுப்பு. ஒரு அரிசி மண்டியின் மாடியில் நடந்தது. பாடம் எடுத்த ஜேம்ஸுக்கு முப்பது வயதுதான். பகலெல்லாம் பட்டணத்தில் ஒரு ஆஸ்பத்திரி லேபில் நின்றுவிட்டு மாலையில் இங்கே வந்து நிற்பார். வகுப்பு முழுக்கச் சிரிப்பு மூட்டிக்கொண்டிருப்பார். கழுவாத சோதனைக் குழாயைப் பார்த்துவிட்டால் மட்டும் சிரிப்பு நின்றுவிடும்.

பாட்டில் கதை ஜூலையில் தொடங்கியது.

உலகநாதனின் அம்மா முனியம்மா ஆவடி மார்க்கெட்டில் கீரை விற்பவள். சேக்காட்டிலிருந்து கூடையோடு நடந்தே போவாள். ஒருநாள் கீரை வாங்க வந்த ஒரு போலீஸ்காரரின் பெண்சாதி, "இன்னாமே, கண்ணு ரெண்டும் மஞ்சத் தூள் போட்ட மாரி கீது?" என்று கேட்டிருக்கிறாள். அன்று சாயங்காலம் வீட்டில் அதைச் சொல்லிச் சிரித்தாள் முனியம்மா. உலகநாதன் சிரிக்கவில்லை. விளக்கைத் தூக்கி அவள் முகத்தருகே பிடித்துப் பார்த்தான். மஞ்சள்தான். மறுநாள் ஒரு பாட்டிலைக் கழுவிக் காயவைத்து அப்பா நாகப்பனிடம் கொடுத்து, "அம்மாவாண்ட குடு. காலையில மொத மூத்திரம்" என்றான். அம்மாவிடமே கொடுக்க அவனுக்குக் கூச்சம்.

ஜூலை இருபத்து நான்கு, வியாழன். பாட்டிலில் இருந்தது பால் விடாத காப்பி நிறத்தில் இருந்தது. குலுக்கினால் நுரையும் மஞ்சள். ஜேம்ஸ் அதைக் கண்ணாடிக் குவளையில் ஊற்றி, கந்தகப் பொடியை விரல் நுனியில் எடுத்து மேலே தூவினார். நல்ல மூத்திரத்தில் அந்தப் பொடி மிதக்கும். பித்த உப்புகள் கலந்திருந்தால் மூழ்கும். பொடி ஒரு கணம் தயங்கிவிட்டு, கொத்துக் கொத்தாக அடியில் போய் உட்கார்ந்தது.

அன்றைய பாடமே அதுவானது. ஜேம்ஸ் கரும்பலகையில் ஈரலை வரைந்து, அதன் கீழே பித்தப்பையை ஒரு கத்தரிக்காய் போல வரைந்து, இரண்டிலிருந்தும் கிளம்பிக் குடலுக்குப் போகும் ஒரு குழாயை வரைந்தார்.

"காமாலைன்னா எல்லாம் ஒண்ணு இல்லப்பா. ஈரலே வெந்து போயி வர்றது ஒண்ணு. அது பாதிப்பேருக்கு மேல தானா எறங்கிடும். நீ கீழாநெல்லி குடு, இல்ல கீழ்ப்பாக்கம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டினு போ, எறங்கும். பேரு மட்டும் வைத்தியருக்குப் போவும். இன்னொண்ணு இந்தக் குழாய் அடைச்சிக்கிறது. உள்ள ஒரு கல் வந்து மாட்டிகிட்டா, இல்ல ஒரு கட்டி வெளியிலருந்து அமுக்கினா, பித்தநீர் கொடலுக்குப் போவாது. வந்த வழியே ரத்தத்துக்குத் திரும்பும். கண்ணு மஞ்சள், மூத்திரம் கருப்பு, ஒடம்பெல்லாம் அரிப்பு. கொடலுக்குச் சாயம் போவாததால மலம் வெள்ளையாப் போவும், சுண்ணாம்பு மாரி. அடைப்பு தானா எறங்காது. ஆபரேஷன் பண்ணி கல்ல எடுத்து, டி எழுத்து மாரி ஒரு ரப்பர் குழாய வெச்சித் தெச்சி, பத்துப் பன்னெண்டு நாள் வெளிய வடிய வுடுவாங்க."

"ரெண்டையும் எப்டி சார் பிரிச்சிப் பாக்கறது?" என்று கேட்டான் உலகநாதன்.

"ரத்தம் எடுத்துப் பாக்கணும். அதுக்கு முன்னாடி, செலவே இல்லாத ஒரு சோதனை கீது. ஒரு கேள்வி. வெளிக்கு எந்த நெறத்துல போறீங்க? அத்த மொதல்ல கேளு. கேட்டுட்டு வந்து சொல்லு."

உலகநாதன் டைரியில் எழுதிக்கொண்டான்: நாளை, அம்மாவிடம் நிறம் கேட்க வேண்டும். மறுநாள் பிழைப் பகுதியில்: கேட்கவில்லை. அதற்கு மறுநாளும் அதே சொல். இருபத்தோரு வயதுப் பிள்ளை பெற்றவளிடம் போய் அதை எந்த வாயால் கேட்பது? அக்கா தங்கை இருந்தால் கேட்கச் சொல்லலாம். அவன் ஒற்றைப் பிள்ளை. தூங்கினாயா என்று கேட்டான், சாப்பிட்டாயா என்று கேட்டான், அரிப்பு இருக்கிறதா என்றுகூடக் கேட்டான். அரிப்பு வேர்க்குருவால் என்றாள் அவள். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றபோது மட்டும் முகம் இறுகியது.

"அக்காவ இட்டுகினு போனாங்களே, இன்னா ஆச்சி?"

அவள் அக்கா பொன்னியம்மா பதினோரு வருஷத்துக்கு முன் இதே மஞ்சள் கண்ணோடு ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனவள். கத்தி வைத்த இடத்தில் ரத்தம் நிற்காமல் மூன்றாம் நாள் போய்விட்டாள்.

"திருமழிசையில செங்கல்வராயன்னு ஒருத்தர் மருந்து குடுக்கறாரு," என்றார் நாகப்பன். "அஞ்சு ஞாத்திக்கெழம. உப்பு, புளி, எண்ண கூடாது. நடுவுல ஊசி கீசி போட்டா முறிஞ்சிடுமாம். பாத்துட்டுதான் வருவமே."

உலகநாதன் யோசித்தான். அவன் எதையும் அளவுக்குக் கட்டுப்படுத்திவிட்டால் நிம்மதியாகிவிடுகிறவன். ஒரு விதி போட்டான். திங்களும் வியாழனும் பாட்டில் தர வேண்டும். பொடி மூழ்கிக்கொண்டே இருந்தால் ஆஸ்பத்திரி. மிதந்தால் மருந்து தொடரட்டும். அம்மாவும் அப்பாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு தலையாட்டினார்கள். அந்தக் கேள்வியைக் கேட்காமலே விடை தெரிந்துகொள்ள ஒரு வழி கிடைத்தது என்று அவனுக்கு உள்ளூர ஆறுதல். அதை டைரியில் எழுதவில்லை.

முதல் ஞாயிறு போய் வந்தார்கள். மறுநாள் திங்கள் பொடி மூழ்கியது. "இன்னொரு தபா மூழ்கிச்சின்னா அவ்ளோதான்" என்று வீட்டில் சொன்னான். வியாழன், ஜூலை முப்பத்தொன்று: பாட்டிலில் வெளுத்த நீர். பொடி அதன்மேல் ஆடாமல் அசையாமல் மிதந்தது. உலகநாதன் மேசையைத் தட்டிப் பார்த்தான். அப்போதும் மிதந்தது. ஆகஸ்ட் நான்கு, மிதந்தது. ஆகஸ்ட் ஏழு, மிதந்தது. அம்மாவின் கண் இன்னும் மஞ்சளாகவே இருக்கிறதே என்று ஜேம்ஸிடம் கேட்டதற்கு, "மூத்திரம் மொதல்ல தெளியும்பா. கண்ணு மெதுவாத்தான் தெளியும்" என்றார். பிறகு, "அந்தக் கேள்விய கேட்டியா?" என்றார்.

"கேட்டேன் சார். சரியாத்தான் கீதாம்," என்றான் உலகநாதன். அன்றைய பிழைப் பகுதி டைரியில் அரைப் பக்கம் ஓடியது. ஆனால் அடுத்த வகுப்பிலும் உண்மையைச் சொல்லவில்லை.

வகுப்பில் சர்க்கரைச் சோதனை ஆரம்பித்தது அதன் பிறகுதான். நீலக் கரைசலில் எட்டுச் சொட்டு விட்டுக் கொதிக்க வைத்தால், சர்க்கரை இல்லாவிட்டால் நீலம் நீலமாகவே இருக்கும். இருந்தால் பச்சை, மஞ்சள், அப்புறம் செங்கல் சிவப்பு. பழகிப் பார்க்க வேறு மூத்திரம் எதற்கு, கையில் இருக்கிற பாட்டிலிலேயே பார்த்துவிடலாம் என்று நினைத்தான். அப்போதுதான் அந்தப் பத்துச் சொட்டுப் பிழை.

பதினான்காம் தேதி வியாழக்கிழமை சரியாக எட்டுச் சொட்டு விட்டான். உதட்டை அசைத்து எண்ணினான். செங்கல் சிவப்பு. கரைசல் கெட்டுப்போயிருக்கும் என்று தன்னுடையதை எடுத்துச் சோதித்தான். அது நீலமாகவே நின்றது. மறுபடி பாட்டில், மறுபடி சிவப்பு.

ஜேம்ஸ் குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "யாருதுப்பா இது? மிட்டாய்க்கடை வெச்சிருக்கறவங்களா?"

"அம்மாது சார்."

"காமாலையும் சக்கரையுமா? உப்புகூட இல்லாம பத்தியம் இருக்கறதா சொன்னியே. ஆள் எப்டி கீறாங்க? ரொம்பத் தண்ணி குடிக்கறாங்களா? அடிக்கடி எழுந்து போறாங்களா?"

"இல்ல சார்," என்றான் உலகநாதன். சொல்லி வாய் மூடுவதற்குள், வீட்டில் அப்படித் தண்ணீர் குடிக்கிற ஆள் யார் என்பது நினைவுக்கு வந்தது. நாகப்பன் எஸ்டேட்டில் வார்ப்புப் பட்டறையில் வேலை செய்கிறவர். இரும்பு உருகுகிற சூட்டில் நிற்கிறவருக்குத் தாகம் எடுக்காமல் என்ன செய்யும் என்று வீட்டில் யாரும் அதை ஒரு விஷயமாக நினைத்ததில்லை. செம்பு செம்பாகக் குடிப்பார். உலகநாதன் அந்த எண்ணத்தை அப்போதே தள்ளிவிட்டான். பெற்ற தகப்பனை அப்படி நினைப்பது மூளைக் கோளாறு என்று டைரியில் எழுதினான்.

மறுநாள் சுதந்திர தினம், விடுமுறை. காலையில் வீட்டின் பின்புறம் போனவன் வேலியோரம் நின்றுவிட்டான். ஆண்கள் மட்டும் ஒதுங்குகிற இடம் அது. அந்த வீட்டில் ஆண்கள் இரண்டே பேர். அப்பா வழக்கமாக நிற்கிற மூலையில் ஈர மண்ணைச் சுற்றி எறும்பு கறுப்பாக அப்பியிருந்தது. இரண்டடி தள்ளி அவன் நிற்கிற இடத்தில் ஒரு எறும்புகூட இல்லை.

அப்போதும் அவன் தன்னை நம்பவில்லை. எறும்பு எதற்கும் வரும். சனிக்கிழமை காலை அப்பாவிடம் பாட்டிலை நீட்டி, "சார் இன்னொரு தபா கேக்கறாரு" என்றான். அப்பா வாங்கிக்கொண்டு உள்ளே போனார். உலகநாதன் தெருப்பக்கம் போவதுபோலப் போய், வீட்டைச் சுற்றி வந்து, கீற்றுத் தடுப்பின் இடைவெளியில் பார்த்தான். அம்மா அடுப்படியில் குந்தி ஊதிக்கொண்டிருந்தாள். அப்பா வேலிப் பக்கம் திரும்பி நின்றார். திரும்பி வரும்போது பாட்டில் நிறைந்திருந்தது. அடுப்படியைத் தாண்டும்போது அதை அம்மாவிடம் காட்டினார். அவள் தலையசைத்துவிட்டு மறுபடி அடுப்பை ஊதினாள்.

அந்தத் தலையசைப்பைத்தான் உலகநாதனால் தாங்க முடியவில்லை. அப்பா தனியாகச் செய்திருந்தால் அது ஒன்று. இரண்டு பேரும் ஒரு சமையல் வேலை மாதிரி அதைப் பழகிவைத்திருந்தார்கள். இரண்டு வாரத்துக்கு மேலாக அவன் ஒரு கூஜாவைத் தூக்குகிற கவனத்தோடு தகப்பனின் மூத்திரத்தைத் துணியில் சுற்றி, ரயிலில் மடிமேல் வைத்துக் கொண்டுபோயிருக்கிறான்.

அன்று ஒன்றும் கேட்கவில்லை. யார் சொல்லிக் கொடுத்திருப்பார்கள் என்று மட்டும் யோசித்தான். அந்த வைத்தியர்தான். மருந்து முறியும், பிள்ளைக்குத் தெரியாமல் பார்த்துக்கொள் என்று அவர்தான் சொல்லியிருப்பார். அப்படி நினைத்துக்கொண்டால் கொஞ்சம் சுலபமாக இருந்தது.

ஞாயிறு அன்று அவர்கள் கிளம்புமுன் அவன் முதல் பஸ்ஸில் பூந்தமல்லி போய், அங்கிருந்து திருமழிசைக்கு மாறினான். செங்கல்வராயன் வீட்டு வாசலில் ஏழெட்டுப் பேர் வரிசையில் இருந்தார்கள். அறுபது வயது இருக்கும் அவருக்கு. மேல்சட்டை இல்லை, கையில் அரைத்த மருந்தின் பச்சை. உலகநாதன் வரிசையில் நிற்காமல் நேரே போனான்.

"சேக்காட்டு முனியம்மாவோட புள்ள நான். எங்கம்மாவுக்கு இன்னா சொல்லிக் குடுத்தீங்க?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். "கீரக்கார அம்மா. கூட அந்தப் பட்டறக்காரரு. அவங்கதான? ஆஸ்பத்திரிக்குப் போனாங்களா? இன்னா சொன்னாங்க?"

உலகநாதனுக்குப் பேச வந்தது மறந்துபோயிற்று.

"இன்னாபா முழிக்கற? மொத ஞாத்திக்கெழமையே திருப்பி அனுப்ச்சேனே. வந்து குந்தின ஒடனே கேட்டேன், வெளிக்கி வெள்ளையாப் போவுதாமான்னு. ஆமான்னாங்க. இது என் மருந்துக்கு எறங்கறது இல்லமா, உள்ள அடைச்சிகினு கீது, நேரா பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன்னு சொன்னேன். அதுமாரி ஆளுக்கு உருண்டையக் குடுத்து நான் இன்னாத்துக்குப் பழி சுமக்கணும்? ஒரு வேள மருந்துகூட குடுக்கல."

"அப்பால அவங்க வரவே இல்லியா?"

"இல்ல. நீதான் வந்திருக்கற, இப்ப."

வரிசையில் இருந்த ஒரு அம்மாள் உச்சுக்கொட்டினாள். உலகநாதன் தெருவில் இறங்கி பஸ் ஸ்டாப்புக்கு நடந்தான். கோபப்பட அந்த வைத்தியராவது இருந்தார்; இப்போது அவர்மேலும் கோபப்பட வழியில்லை. தினம் காலை அம்மா விழுங்குகிற அந்தப் பச்சை உருண்டை எங்கிருந்து வந்தது? ஞாயிற்றுக்கிழமைகளில் காலையில் போய் மத்தியானம் திரும்புகிறார்களே, எங்கே போனார்கள்?

இரண்டாவது கேள்விக்குப் பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டிலேயே விடை கிடைத்தது. ஆவடி பஸ்ஸுக்காகத் திரும்பியவன், ஒரு வேப்பமரத்தடியில் அவர்களைப் பார்த்தான். அம்மா காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். அவள் அப்படிக் காலை நீட்டி உட்கார்ந்து அவன் பார்த்ததே இல்லை. அப்பா ஒரு கோலி சோடாவை உடைத்து அவளிடம் நீட்டிக்கொண்டிருந்தார். அவர்தான் அவனை முதலில் பார்த்தார். சோடா பாட்டிலை மெதுவாக மண்ணில் வைத்தார்.

"இன்னாடா இங்க?"

"திருமழிசைக்குப் போய்ட்டு வரேன்."

ஒரு லாரி போய் முடிந்தது.

"அவரு நல்லா கீறாரா?" என்றாள் முனியம்மா, தெரிந்தவரைப் பற்றி விசாரிப்பதுபோல.

"நல்லா கீறாரு. உன்னத்தான் கேட்டாரு. ஆஸ்பத்திரியில இன்னா சொன்னாங்கன்னு கேட்டாரு." பிறகு அப்பா பக்கம் திரும்பினான். "நைனா, உனக்கு சக்கர கீது."

"எந்த சக்கர?"

"மூத்திரத்துல. மூணு தபா போட்டுப் பாத்தேன். செங்கல் கணக்கா செவக்குது. அம்மா பேருல எழுதி வெச்சிருக்கேன்."

நாகப்பன் மனைவியைப் பார்த்தார். "நான் அப்பவே சொன்னேன், இவனாண்ட இதெல்லாம் நடக்காதுன்னு."

"நீ எங்கயா சொன்ன? மூத்திரத்துல பேரா எழுதி கீதுன்னு சொன்ன."

வேறு ஒரு நாளாக இருந்தால் உலகநாதன் சிரித்திருப்பான். "அந்த உருண்ட இன்னாது?" என்று கேட்டான்.

"கீழாநெல்லிதான்டா," என்றார் அப்பா. "வேலியோரம் மொளைக்கறதுதான். நானே பறிச்சி, பட்டறையில வெச்சி இடிச்சி... கெடுதி ஒண்ணும் இல்ல."

"மூணு வாரம். மூணு வாரமா நோட்டுல எழுதிகினு கீறேன். தேறுது, தேறுதுன்னு. சாராண்ட போய் பெருமையா சொல்லிகினு கீறேன். நீங்க ரெண்டு பேரும் இங்க குந்திகினு சோடா குடிக்கறீங்க." மண்ணில் இருந்த சோடா பாட்டிலைக் கையால் காட்டினான். "வேற யாரையாவது நான் நம்பாம இருந்திருக்கேன். ஒங்கள நம்பாம இருக்கணும்னு எனக்குத் தெரியல."

நாகப்பன் தரையைப் பார்த்தார். முனியம்மா பார்க்கவில்லை. மகனை நேராகவே பார்த்தாள். இத்தனை நாள் அவள் முகம் கொடுத்துப் பார்க்காததற்குக் காரணம் இப்போது தெரிந்தது. வெயிலில் அந்தக் கண்கள் மஞ்சள்கூட இல்லை, பச்சை ஓடியிருந்தது.

"நீ பாட்டில கேட்ட. பாட்டில் குடுத்தோம். என்னிய கேட்டியா?"

"கேட்டனேம்மா."

"துன்னியா, தூங்கினியான்னு கேட்ட. அந்தப் பெரியவரு கேட்டாரு பாரு, மொகம் தெரியாத ஆளு, கூசாம. நீயும் அத்த கேட்டுருந்தின்னா நான் பொய் சொல்லிருக்க மாட்டேன்."

அது உண்மையா என்று உலகநாதனுக்குத் தெரியவில்லை. நேற்றுவரை தெரிந்திருக்கும். அவள் சொன்னால் போதும் என்று இருந்திருக்கும். இனி அவள் சொல்கிற எதையும் இப்படி ஒருமுறை திருப்பிப் பார்க்கத்தான் போகிறோம் என்று நினைத்தபோது, எல்லாவற்றையும்விட அதுதான் வலித்தது.

அவள் எதிரில் மண்ணில் உட்கார்ந்தான். சட்டைப்பையிலிருந்து பென்சிலையும் டைரியையும் எடுத்தான்.

"எந்த நெறத்துல போவுது?"

முனியம்மா முந்தானையால் வாயை ஒருமுறை துடைத்துக்கொண்டாள். "சாம்ப நெறம். மொதல்ல ஒருநாள் அப்டி, ஒருநாள் நல்லாருக்கும். இப்ப பத்து நாளா ஒரே வெள்ளதான்."

"அரிப்பு?"

"தேங்கா நார் போட்டுத் தேச்சிக்கறேன். ரத்தம் வர்ற வரிக்கும்."

"வலி?"

"சோத்து கைப் பக்கம், வெலாவுக்குக் கீழ. துன்னா வரும், அப்பால போய்டும். போன தையிலருந்து."

"தையிலருந்தா?" என்றார் நாகப்பன். அவர் முகம் ஒரே நொடியில் கிழடு தட்டிப்போனது. "எங்கிட்ட சொல்லலியே. காமாலையே ஆடியிலதான் வந்துதுன்ன?"

"உங்கிட்ட சொன்னா இவங்கிட்ட சொல்லிடுவ."

"நீ கேட்டன்னு நான் இவன் மூஞ்சில முழிக்க முடியாத வேலையெல்லாம் பண்ணேன். எங்கிட்டயே மறச்சிருக்கற." அவர் எழுந்து நாலடி தள்ளிப் போய் நின்றார். அங்கிருந்தே, "அழுதாடா," என்றார். "அக்கா மாரி என்னையும் அறுத்துப் போட்டுடுவாங்கன்னு ராத்திரியெல்லாம் அழுதா. நான் இன்னா பண்றது?"

உலகநாதன் டைரியின் மேல் குனிந்தான். வலி வந்து போவது, நிறம் ஒருநாள் இருந்து ஒருநாள் இல்லாமல் போவது, இரண்டையும் எழுதினான். கல்லாகத்தான் இருக்கும். குழாய்க்குள் புரண்டு புரண்டு வழி விட்டிருக்கிறது. இப்போது அழுத்தமாக உட்கார்ந்துவிட்டது. அப்படி நினைக்கத்தான் ஆசை. கட்டியாகவும் இருக்கலாம். அறுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

"வேற எதுனா மறச்சிருந்தா இப்பவே சொல்லிடு."

"பல்லு வெளக்கும்போது ரத்தம் வருது. ஒரு வாரமா." அவள் குரல் முதல்முறையாக இறங்கியது. "அக்காக்கும் இப்டித்தான்டா வந்துது. அப்பால கத்தி வெச்சாங்க. நிக்கவே இல்ல. பாய் நனஞ்சி, கட்டில் நனஞ்சி, நான்தான் தொடச்சேன். அத்த நெனச்சிகினு நான் எப்டி வருவேன், சொல்லு."

மூன்று வாரமும் அவள் சுமந்துகொண்டிருந்தது இதைத்தான். வைத்தியர் சொன்னது அவளுக்கு நன்றாகவே புரிந்திருந்தது. புரிந்ததால்தான் ஓடி ஒளிந்திருக்கிறாள்.

"அது ஏன் நிக்கலன்னு சார் சொல்லிருக்காரு," என்றான். "ரத்தம் உறையறதுக்கு ஒரு சத்து வேணும். வைட்டமின் கே. அது கொடலுலருந்து ஒடம்புல ஏறணும்னா பித்தநீர் வேணும். அடைப்பு இருந்தா பித்தநீர் கொடலுக்கு வராது, அந்தச் சத்தும் ஏறாது. நாள் ஆக ஆக ரத்தம் தண்ணியா போய்டும். அதுக்கு ஊசி கீது. அறுக்கறதுக்கு முன்னாடியே நாலஞ்சு நாள் போட்டு, ரத்தம் எத்தினி நேரத்துல உறையுதுன்னு பாத்துட்டுதான் கத்தி வெப்பாங்க."

"அக்காக்குப் போட்டாங்களா?"

"தெர்லமா."

"எனக்குப் போட்டா நிக்குமா?"

நிற்கும் என்று சொல்லிவிட நாக்கு வரை வந்தது. சொன்னால் அவள் எழுந்து வந்துவிடுவாள். இத்தனைக்கும் பிறகு அவனும் ஒன்று சொல்லிக்கொள்ளலாம்தான்.

"நிக்கும்னு சார் சொன்னாரு. நான் கண்ணால பாத்ததில்ல. இன்னும் பத்து நாள் ஊட்ல குந்திகினு இருந்தா நிக்காதுன்றது மட்டும் தெரியும்."

முனியம்மா சோடா பாட்டிலைப் பார்த்தாள். உள்ளே கோலி அசையாமல் கிடந்தது.

"தைரியம் குடுக்கத் தெரியலயே உனக்கு," என்றாள் கடைசியில். "இவரு மூணு வாரமா ஒன்யும் ஆவாது, ஒன்யும் ஆவாதுன்னு சொன்னாரு. கேக்க நல்லாத்தான் இருந்துது. நாளைக்கி இட்டுகினு போ. ஆனா ஊசி போடாம கத்தி வெக்க வுட்டுறாத. நீயே நின்னு கேளு. பாட்டில்ல எழுதி அனுப்பாத."

"நானே கேக்கறேன்."

"கூசிகினு நிக்காத."

"நிக்க மாட்டேன்."

ஆவடி பஸ் வந்தது. நாகப்பன் ஓடிப்போய் மூன்று இடம் பிடித்துவிட்டு, ஜன்னலோரம் அம்மாவை உட்கார வைத்து, பக்கத்து இடத்தைக் கையால் தட்டி மகனைப் பார்த்தார். உலகநாதன் போய்ப் பின்சீட்டில் உட்கார்ந்தான். வழியெல்லாம் அம்மாவின் கை முதுகுப் பக்கம் வந்து வந்து சொறிந்ததைப் பார்த்துக்கொண்டே வந்தான். மூன்று வாரமும் இந்தக் கை இப்படித்தான் வந்து போயிருக்கும். அவன் பாட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா ஒரு செம்புத் தண்ணீரை வாயருகே கொண்டுபோனவர், அவன் பார்ப்பதைக் கண்டு பாதியில் இறக்கினார். "இத்த குடிக்கலாமா, கூடாதா?" என்று கேட்டார்.

"தண்ணி குடிக்கலாம் நைனா. காப்பிக்கு சக்கர போட்டுக்காத. அம்மாவுக்கு ஆபரேஷன் ஆவட்டும், உனக்கும் பாக்கணும்."

"கோவமாடா?"

"ஆமா," என்றான் உலகநாதன்.

வெயில் சாயுமுன் டைரியைத் திறந்தான். ஜூலை 31-இலிருந்து ஆகஸ்ட் 14 வரை அம்மாவின் பெயரில் இருந்த அளவுகளை ஒவ்வொன்றாக ஒற்றைக் கோட்டால் அடித்தான். ஓரத்தில் 'அப்பாவுடையது' என்று எழுதினான். அடித்தாலும் எழுத்து தெரிந்தது. 'மிதந்தது', 'மிதந்தது' என்ற சொற்களின் கீழே அன்றன்று சந்தோஷத்தில் இழுத்த அடிக்கோடும் தெரிந்தது. பிறகு புதுப் பக்கம் எடுத்து மூன்றாகக் கோடு போட்டான்.

17-8-1969, ஞாயிறு.

வேலை: திருமழிசை போய் வந்தேன். அம்மாவிடம் கேட்டேன்.

பிழை: 'அம்மாவும் அப்பாவும்' என்று தொடங்கி, அது தன் பக்கத்தில் எழுத வேண்டியதல்ல என்று அடித்துவிட்டான். ஜேம்ஸ் சாரிடம் 'கேட்டேன், சரியாக இருக்கிறது' என்று பொய் சொன்னேன் என்று எழுதினான். அன்று உண்மையைச் சொல்லியிருந்தால் அவரே நேரில் வந்து கேட்டிருப்பார். பத்து நாள் மிச்சமாகியிருக்கும் என்றும் எழுதினான்.

நாளை: காலை முதல் வண்டியில் அம்மாவைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போக வேண்டும். வெறும் வயிறாக வரச் சொல்ல வேண்டும், ரத்தம் எடுப்பார்கள். டாக்டரிடம் இந்த வரிசையில் சொல்ல வேண்டும்: வலி தை மாதத்திலிருந்து, மஞ்சள் ஜூலையிலிருந்து, மலம் பத்து நாளாக வெள்ளை, ஈறில் ரத்தம் ஒரு வாரம், அக்காவுக்கு ரத்தம் நிற்கவில்லை. என் குறிப்பில் ஜூலை 24, 28 இரண்டு மட்டும் உண்மை என்று சொல்ல வேண்டும். வைட்டமின் கே ஊசி பற்றி நானே கேட்க வேண்டும். பக்கத்து வீட்டு தேவராஜிடம் லீவு லெட்டர் கொடுத்தனுப்ப வேண்டும்.